பச்சை நூல் கட்டிய கண்ணாடிக் குழாய்

முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆய்வக நுட்பராகப் பணியாற்றி, 31.5.1996 அன்று பணி நிறைவு பெறும் திருமதி ஆவுடையம்மாள் அவர்களுக்குக் கால்நடை மருந்தகத்து உடன்பணியாளர்கள் வாசித்து அளிக்கும் மடல்

கோதை பிறந்த ஊரின் குணக்குன்றே! மடவார் வளாகத்து வைத்தியநாதர் கோயில் மணியோசை கேட்டு வளர்ந்து, வாயில்லாச் சீவன்களின் வலியைக் கண்ணாடிச் சில்லில் வாசித்துச் சொன்ன வித்தகமே! சாணத்தில் புழுவையும், பாலில் நோயையும், ரத்தத்தில் உண்மையையும் கண்டு காட்டிய கூர்விழியே! கண்டதைக் கண்டபடி எழுதிய கையே! எங்கள் ஆவுடையக்காவே! கூடியிருக்கும் எல்லார் சார்பிலும் குனிந்து சொல்கிறோம், வணக்கம்!

இந்த மருந்தகத்தில் யார் ஓய்வு பெற்றாலும் மடல் எழுதுகிறவன் கம்பவுண்டர் வைகுண்டராஜாகிய நான்தான் என்பது தாங்கள் அறிந்ததே. இருபத்தாறு ஆண்டுகளில் பதினேழு மடல்கள் எழுதியிருக்கிறேன். உண்மையைச் சொன்னால் எழுதியது ஒன்று. மற்றப் பதினாறும் பெயரை மாற்றி அச்சுக்குக் கொடுத்தவை. ராஜபாளையத்து அச்சகத்தில் அந்த எழுத்துகளைக் கலைக்காமலே கட்டி வைத்திருப்பார்கள். ஒரு முறை பெயரை மட்டும் மாற்றி மற்றதை மறந்துவிட்டதால், மாட்டைக் கண்டாலே நாலடி தள்ளி நிற்கும் நம் வாட்ச்மேனைப் பார்த்து, “சினை பார்ப்பதில் சிகரமே!” என்று நான் முழங்க, மாலையும் கழுத்துமாக அவர் மேடையில் திருதிருவென்று விழித்ததும், தாங்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடியதும் இன்றும் கண்முன் நிற்கின்றன.

தங்களுக்கும் அதே மடலைத்தான் கொடுத்தனுப்பினேன். போன வாரம் புரூப் வந்தது. ரோஸ் தாள், தங்க நிற ஓரம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. பிழை பார்த்துக்கொண்டே வந்தவன் ஒரு வரியில் நின்றுவிட்டேன். “தங்கள் பணியில் ஒரு குறை சொன்னவர் எவரும் இலர்.” பதினேழு பேருக்கும் தொண்டை கிழிய வாசித்த வரிதான் அது. தங்கள் விஷயத்தில் அது பொய். குறை சொன்னவன் ஒருவன் உண்டு. அவன் சொன்ன குறை தங்கள் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏறி, பத்து ஆண்டுகளாக அப்படியே கிடக்கிறது. அவன் நான்.

புரூப்பைக் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதினேன். எழுதியதை நம் பணியாளர்களுக்கு வாசித்துக் காட்டியபோது, பால்ச்சாமி அண்ணன் தலையில் கைவைத்துக்கொண்டார். “நல்ல நாளும் அதுவுமா இதப் போயி வாசிக்கணுமாய்யா? அவிய மாலையப் போட்டுக்கிட்டு நிம்மதியா வீட்டுக்குப் போகட்டும். நீ மனசுக்குள்ள வச்சுக்க.” பத்து வருசம் வச்சிருந்து பாத்தாச்சு அண்ணே, என்றேன். இப்போதைய டாக்டரம்மா மட்டும், “வாசிங்க. நானும் கையெழுத்துப் போடுதேன்” என்றார்கள். மடலில் ‘நாங்கள்’ என்றுதான் எழுத வேண்டும், ‘நான்’ என்று எழுதக் கூடாது. அந்த முறையை இன்று மீறுகிறேன். ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குள் புகுந்துகொண்டால் எனக்கு ரொம்ப வசதியாகப் போய்விடும்.

அன்புக்குரிய அக்காவே! தாங்கள் 1964இல் இங்கே வந்தபோது ஆய்வகம் என்பது ஒரு ஜன்னல், ஒரு மேசை, ஒரு நுண்ணோக்கி. மழை பெய்தால் மேசையை இழுத்து ஜன்னலின் அந்தப் பக்கம் போட வேண்டும். அந்த ஒற்றை மேசையிலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடைப்பட்ட அத்தனை ஊர் மாட்டுக்கும் பதில் சொன்னீர்கள். ஆளையும் கொல்லும் அடைப்பான் நோய் மாடுகளுக்குக் கண்ட ஊர்களுக்கு, ஆண்பிள்ளைகள் நாங்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நின்றபோது, முதல் பஸ்ஸில் ஏறிப் போய் ரத்தம் எடுத்து வந்தீர்கள். கோபம் வந்தால் வாயில் ஈவு இரக்கம் கிடையாது. கழுவாத சில்லைக் கொடுத்ததற்காக என்னை, “ஏலே, நீ கழுவுனியா, இல்ல தண்ணியக் காட்டிக் கூட்டிட்டு வந்தியா?” என்று ஆள் முன்னால் கேட்டவர் தாங்கள். கேட்ட கையோடு கருப்பட்டிக் காப்பியும் கொடுத்தவர் தாங்கள்.

இவை எல்லாம் எவரும் அறிந்தவை. இனிச் சொல்லப்போவது பலரும் அரைகுறையாக அறிந்தது. இந்தக் கூடத்தில் இருக்கும் இளைஞர்களுக்காகக் கொஞ்சம் விளக்கியே சொல்கிறேன்.

1979இல் தாங்கள் சென்னைக்குப் பயிற்சிக்குப் போய் வந்தீர்கள். வரும்போது, அங்கே கழித்துப் போட்ட மின்சாரப் பெட்டி ஒன்றைக் கெஞ்சி வாங்கி, ரயிலில் மடியில் வைத்துக் கொண்டுவந்தீர்கள். எதற்கு என்று கேட்டோம். தாய் வயிற்றில் இருக்கும் கன்று தானாக மூச்சு விடுவதில்லை. தாயின் ரத்தத்திலிருந்துதான் அது பிராணவாயுவை வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி வாங்குவதற்கென்றே அதன் ரத்தத்தில் இருக்கும் ஹீமோகுளோபின், அதாவது ரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் பொருள், தனி வகையாக அமைந்திருக்கிறது. கன்று பிறந்து மூச்சு இழுக்கத் தொடங்கிய பிறகு அந்த வகை நாளுக்கு நாள் குறைந்து, பெரிய மாட்டுக்கு உரிய வகை அந்த இடத்துக்கு வருகிறது. முன்னதற்குத் தாங்கள் வைத்த பெயர் ‘வயித்துச் செவப்பு’. பின்னதற்கு ‘மாட்டுச் செவப்பு’. உப்புக் கரைசலில் நனைத்த காகிதப் பட்டையில் ஒரு துளி ரத்தத்தை வைத்து, அந்தப் பெட்டியால் மின்சாரம் ஓட விட்டால், காலையில் வைத்தது சாயங்காலத்துக்குள் இரண்டு கோடாகப் பிரியும். ஒரு கோடு வயித்துச் செவப்பு, மறு கோடு மாட்டுச் செவப்பு.

சீமை மாடுகளுக்கு இதை அளந்து வைத்திருக்கிறார்கள், நம் ஊர்க் கலப்பின மாடுகளுக்கு யார் அளந்தார்கள் என்று கேட்டுக்கொண்டு, ஏழு ஆண்டுகளில் நாற்பது கன்றுகளைத் தேடிப் போனீர்கள். பிறந்த அன்று ஒரு துளி, பிறகு பத்து நாளுக்கு ஒரு துளி, மூன்று மாதம் வரை. காப்பி நிற அட்டை போட்ட நோட்டில் ஒவ்வொரு கன்றுக்கும் ஒரு பக்கம். பிறந்த அன்று பட்டை முழுக்க வயித்துச் செவப்பு. ஒரு மாதத்தில் இரண்டு கோடும் பக்கத்தில் பக்கத்தில். இரண்டு மாதத்தில் வயித்துச் செவப்பு நூல் மாதிரி இளைத்துவிடும். தொண்ணூறு நாளில் ஒரே கோடு. நாற்பது கன்றிலும் கொஞ்சம் முன்னே பின்னே இதுதான் கதை.

நாங்கள் சிரித்தோம். “ஆவுடையக்கா கன்னுக்குட்டிக்கு ஜாதகம் எழுதுதாக” என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவன் நான். பஸ் ஸ்டாண்டு டீக்கடை வரைக்கும் அந்தப் பேச்சைக் கொண்டுபோனவனும் நான்தான்.

வந்தது 1986. கூமாப்பட்டியில் கருத்தம்மாள் என்கிற விதவைப் பெண்ணுக்கு ஒரே ஒரு பசு. ஆடிப்பூரத் தேர் ஓடிய அன்று அது ஒரு கிடேரிக் கன்று ஈன்றது. இன்னும் இரண்டு வருஷத்தில் இரண்டு பசுவாகிவிடும் என்று அந்தப் பெண் தன் பங்குப் பாலைக்கூடக் கறக்காமல் கன்றுக்கு விட்டு வளர்த்திருக்கிறாள். இருபதாம் நாள், வாய்க்கால் கரையில் கட்டியிருந்த கன்றைக் காணவில்லை. முப்பத்தெட்டாம் நாள், தளவாய்புரத்தில் இருக்கும் தங்கச்சி வீட்டுக்குப் போன இடத்தில், அவ்வூர்ப் பெரிய விவசாயி சோலைச்சாமி அவர்களின் தொழுவத்தில் அது நிற்கக் கண்டு, தெருவில் விழுந்து கத்திவிட்டாள்.

சோலைச்சாமி திருடர் அல்லர். தன் பசு ஆனி முதல் வாரத்தில் ஈன்ற கன்று அது என்றே அவர் நம்பினார். கண் ஆப்பரேஷனுக்காக ஒரு மாதம் மதுரையில் இருந்துவிட்டு அப்போதுதான் திரும்பியிருந்தார். நிறத்தை வைத்துச் சொல்ல வழியில்லை. இரண்டு பசுவுக்கும் நம் மருந்தகத்தில்தான் சினை ஊசி போட்டது. ஒரே ஜெர்சிக் காளையின் விந்து. இந்தப் பக்கத்துக் கன்று அத்தனைக்கும் ஒரே முகம். காவல் நிலையத்தார், கன்றின் வயதைச் சொல்லுங்கள், வயதை வைத்து யாருடையது என்று முடிவு செய்கிறோம் என்று நம்மிடம் அனுப்பினார்கள். கருத்தம்மாள் சொன்னபடி என்றால் முப்பத்தெட்டு நாள். சோலைச்சாமி சொன்னபடி என்றால் தொண்ணூறு நாள்.

அப்போது இருந்தவர் டாக்டர் ஸுந்தரராஜன். நல்லவர், நிதானமானவர். பல்லைப் பார்த்தார், முன்பல் எட்டும் முளைத்திருந்தன, அது ஒரு மாதக் கன்றுக்கும் இருக்கும், மூன்று மாதக் கன்றுக்கும் இருக்கும். உயரத்தைப் பார்த்தார், வயிறு நிறையக் குடித்த ஒன்றரை மாதக் கன்றும், புழு விழுந்து இளைத்த மூன்று மாதக் கன்றும் ஒரே உயரம்தான். பசுக்களையே கேட்போம் என்று இரண்டையும் வரவழைத்தார். கருத்தம்மாளின் பசு கன்றை முகர்ந்து பார்த்துவிட்டுத் தள்ளிப் போய்விட்டது. சோலைச்சாமியின் பசு ஓடி வந்து கன்றின் முதுகை நக்கியது. வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்த கருத்தம்மாள், “ஏட்டி, நீயுமா?” என்று தன் பசுவைப் பார்த்துக் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அப்போதுதான் தாங்கள், “ரத்தத்தப் பாத்துருவோம் சார்” என்றீர்கள். கன்றின் கழுத்தை நான் பிடித்துக்கொண்டேன். ஐஸ் பெட்டியில் காகித லேபிள் நனைந்து உரிந்துவிடும் என்பதால் கலர் நூல் கட்டுவது தங்கள் வழக்கம். அன்று காலை குழாய்களை நிறுத்தி வைக்கும் ஸ்டாண்டில் இன்னொரு கன்றின் ரத்தம் சிவப்பு நூலோடு இருந்தது. இதற்குப் பச்சை நூல் என்றீர்கள். தங்கள் கையில் ஊசி இருந்ததால் நூலைக் கடித்துக் கண்ணாடிக் குழாயின் கழுத்தில் இரண்டு முடிச்சுப் போட்டுக் கட்டியவன் நான்.

சாயங்காலம் பட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். இரண்டு கோடு, பக்கத்தில் பக்கத்தில், தடித்த கோடு. “இது நாப்பது நாளத் தாண்டாத கன்னு சார். தொண்ணூறுன்னா ஒத்தக் கோடுதான் இருக்கணும்” என்று நாற்பது பக்கத்தையும் விரித்துக் காட்டினீர்கள். டாக்டருக்குப் பாதி மனம் வந்துவிட்டது. படிவத்தில் பல்லுக்குக் கட்டம் இருக்கிறது, உயரத்துக்குக் கட்டம் இருக்கிறது, ரத்தத்துக்குக் கட்டமே இல்லையே என்று தயங்கினார். பிறகு என் பக்கம் திரும்பி ஒரே ஒரு கேள்வி கேட்டார். “வைகுண்டராஜ், டியூப் மாறியிருக்க வாய்ப்பு உண்டா?”

அக்கா, நான் அப்போது நினைத்ததை அப்படியே சொல்கிறேன். ஆவணிப் பிறப்பில் சோலைச்சாமியின் வேலையாள் வீரணன் வந்து, கன்று கழிகிறது என்றான். கன்றைப் பார்க்காமல் மருந்து கொடுக்கக் கூடாது என்பது விதி. அவசரத்தில் இருந்த நான் ஒரு குத்துமதிப்பாகப் புழு மருந்தைச் சீசாவில் ஊற்றிக் கொடுத்தனுப்பினேன். சோலைச்சாமி மதுரையிலிருந்து வந்ததும் என்னைத் தேடி வந்து, “உம்ம மருந்து கன்னத் தூக்கி நிறுத்திருச்சுய்யா!” என்று கையைப் பிடித்துக்கொண்டார். அதை நான் ஒரு வாரம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். இப்போது இந்தக் கன்று அந்தக் கன்று இல்லை என்றால், அந்தக் கன்று எங்கே? செத்திருக்க வேண்டும். கடைசியாக அதன் வாய்க்குப் போனது எது? நான் பார்க்காமல் ஊற்றிக் கொடுத்த மருந்து. வேலை போய்விடும் என்று பட்டது.

“ஸ்டாண்டுல இன்னொரு டியூபும் இருந்துச்சு சார். நூலு நனைஞ்சு கெடந்துச்சு. மாறியும் இருக்கலாம்” என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். சான்றிதழில் மூன்று மாதம் என்று ஏறியது. கன்று தளவாய்புரத்துக்குப் போனது. கருத்தம்மாள் தன் பசுவை மட்டும் பிடித்துக்கொண்டு கூமாப்பட்டிக்கு நடந்தாள். தங்களுக்கு மாதிரிகளைக் கையாள்வதில் கவனக்குறைவு என்று மெமோ வந்தது. அன்று ஆய்வக வாசலில் என்னை நிறுத்தித் தாங்கள் சொன்னது இவ்வளவே: “வைகுண்டராசு, டியூப் மாறலங்கிறது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். போ, போயி மருந்தக் கலக்கு.”

சான்றிதழ் போய்விட்டதால் மறுபரிசோதனைக்கு மேலிடத்து அனுமதி வேண்டியிருந்தது; மூன்றாம் நாளே தாங்கள் மனு எழுதினீர்கள். இங்கேதான் என் குற்றம் ஒரு நாள் குற்றமாக நிற்காமல் போனது. கன்று நின்றுகொண்டுதான் இருந்தது, ஆனால் அதன் ரத்தம் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் வயித்துச் செவப்பு கொஞ்சம் கழிந்துகொண்டிருந்தது. நான் எந்த நாளில் வாயைத் திறந்திருந்தாலும் டாக்டர் அனுமதிக்குக் காத்திராமல் மறுபடியும் ரத்தம் எடுக்கச் சொல்லியிருப்பார், கோடு தெரிந்திருக்கும். ஐம்பதாம் நாள் வாக்கில் தாங்கள் மருந்து அறைக்கு வந்தீர்கள். கதவுநிலையைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். “இன்னும் கொஞ்ச நாளுதான் ரெண்டு கோடும் தெரியும். பொறவு அம்புட்டும் போயிரும். நீ யாருக்காகப் பயப்படுதியோ எனக்குத் தெரியாது. அந்தப் பொம்பளைக்கு ஒத்தப் பசு” என்றீர்கள். நான் அளவுக் குவளையைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவிய குவளையையே மறுபடியும் கழுவினேன்.

அனுமதி வந்தது. கார்த்திகை பிறந்த பிறகு வந்தது. கன்றுக்கு அப்போது நூறு நாள். அது தெரிந்தும் தாங்கள் தளவாய்புரம் போய் ரத்தம் எடுத்து வந்தீர்கள். அன்று கூமாப்பட்டியிலிருந்து கருத்தம்மாளும் விடிய எழுந்து வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். பட்டையில் ஒரே கோடு. அக்கா, தாங்கள் நினைத்திருந்தால் மங்கலாக இன்னொரு கோடு தெரிகிறது என்று எழுதியிருக்கலாம். அந்தப் பட்டையைப் படிக்கத் தெரிந்தவர் இந்த ஜில்லாவிலேயே தாங்கள் ஒருவர்தான். தாங்கள் எழுதியது, “கோடு ஒன்று.” தங்கள் கையெழுத்தே தங்களுக்கு எதிராகச் சாட்சி சொன்னது. மெமோ உறுதியானது. மின்சாரப் பெட்டியை ஸ்டோர் அறையில் வைத்துப் பூட்டினார்கள். நாற்பத்தொன்றாவது பக்கம் காலியாக நின்றது. முதுநிலைப் பதவிப் பட்டியலில் தங்கள் பெயர் அந்த ஆண்டும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

விவரம் தெரியாத கருத்தம்மாள் என்ன நினைப்பாள்? முதலில் இரண்டு கோடு என்று சொன்ன அம்மாள், இப்போது ஒரு கோடு என்று எழுதிவிட்டாள். பெரிய இடத்துக்கு விலைபோய்விட்டாள் என்றுதான் நினைப்பாள். தாங்கள் கிட்டே போய், “கருத்தம்மா, நாளாயிருச்சும்மா, ரத்தம் மாறிருச்சு” என்று சொல்லப் போனீர்கள். அவள் கேட்கவில்லை. “கன்னுக்குட்டி ரத்தத்துலகூடவா பொய் சொல்லுவிய? நீங்க நல்லா இருப்பியளா?” என்று ஆய்வக வாசலில் மண்ணை வாரித் தூற்றினாள். மண் தங்கள் சேலையிலும் தலையிலும் விழுந்தது. நாங்கள் அத்தனை பேரும் வராந்தாவில் நின்றோம். நானும் நின்றேன். தாங்கள் சேலையை உதறிவிட்டு உள்ளே போய், அன்றைக்கு வந்திருந்த சாண மாதிரிகளைப் பார்க்க உட்கார்ந்தீர்கள்.

அதன் பிறகும் பத்து ஆண்டுகள் தாங்கள் எனக்குக் காப்பி கொடுத்தீர்கள். என் மகள் கல்யாணத்துக்கு வந்து முதல் பந்தியில் பரிமாறினீர்கள். அந்தப் பேச்சை மட்டும் எடுக்கவே இல்லை. எடுத்து நாலு வசவு வைதிருந்தால் நான் பிழைத்திருப்பேன்.

1993இல் வீரணன் தன் ஆட்டுக்கு மருந்து வாங்க வந்தான். சோலைச்சாமி அப்போது காலமாகியிருந்தார். சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுச் சொன்னான்: “ஐயா, அது எங்க கன்னு இல்லய்யா. எங்க கன்னு கழிஞ்சு கழிஞ்சு செத்துப்போச்சு. மொதலாளி வந்தா உசுர எடுத்துருவாகன்னு, சந்தையில எவனோ கொண்டாந்த கன்ன வாங்கியாந்து கட்டுனேன். செத்த கன்னோட தோல உரிச்சு அது மேல போத்திப் பசுகிட்ட விட்டேன். நாலு நாள்ல நக்க ஆரம்பிச்சிருச்சு.” ஆக, சோலைச்சாமியின் பசு நக்கியது தன் கன்றின் தோல் வாசனையை. கருத்தம்மாளின் பசு தள்ளிப் போனதும் அந்த வாசனையால்தான். பல்லும் உயரமும் பசுவும் சேர்ந்து எல்லாரையும் ஏமாற்றிய அன்று, ஏமாறாமல் நின்றது தங்கள் காகிதப் பட்டை ஒன்றுதான்.

நான் கொடுத்த மருந்து என்ன ஆச்சு என்று கேட்டேன். அவன் யோசித்துப் பார்த்தான். “எந்த மருந்து? ஓ, அந்தச் சீசாவா? அத நான் பஸ்ஸுலயே வச்சுட்டு எறங்கிட்டேன்யா.”

அக்கா, எந்த மருந்துக்குப் பயந்து நான் பொய் சொன்னேனோ, அந்த மருந்து கன்றின் வாய்க்கே போகவில்லை. அதைத் தெரிந்துகொண்ட பிறகும் மூன்று ஆண்டுகள் நான் பேசவில்லை. இதற்கு என்னிடம் ஒரு காரணமும் கிடையாது. வெட்கம்தான். எவ்வளவு நாள் கழித்துச் சொல்கிறோமோ அவ்வளவு வெட்கம் கூடுகிறது. அதனால் இன்னும் தள்ளிப்போட்டேன். கன்றின் ரத்தமாவது தொண்ணூறு நாளில் மாறிவிடுகிறது.

போன வாரம் புரூப்பைக் கிழித்த மறுநாள் கூமாப்பட்டிக்குப் போனேன். கருத்தம்மாள் பசுவை அந்த வருஷமே விற்றுவிட்டாளாம். இப்போது தென்னந்தோப்பில் கூலிக்குப் போகிறாள். எல்லாவற்றையும் சொன்னேன். என்னை அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். கீற்றுப் பின்னிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள். “கன்னு போனது போகட்டும்யா. பத்து வருசமா அந்தம்மாவ நான் ஏசாத நாளில்ல. வெளக்கு வைக்கும்போதுகூட ஏசியிருக்கேன். நீ செஞ்ச பாவத்துல என்னையும்ல கூட்டுச் சேத்துட்ட” என்றாள். நான் இன்றைய விழாவைச் சொல்லிக் கூப்பிட்டேன். “அவிய மொகத்த நான் எப்பிடிப் பாப்பேன்?” என்றாள். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. இதை எழுதும்போது எனக்குத் தெரியாது. வந்திருந்தால் இந்தக் கூடத்தின் கடைசி வரிசையில் இருப்பாள். வராவிட்டால் அதற்கும் நான்தான் காரணம்.

நடந்ததை எழுதிக் கையெழுத்திட்டு டாக்டரம்மாவிடம் கொடுத்துவிட்டேன். மேலிடத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்கு என்ன வந்தாலும் சரி. தங்கள் பதிவேட்டில் அந்தச் சிவப்பு மைக் குறிப்பு நீக்கப்படும் என்று டாக்டரம்மா சொல்கிறார்கள். ஆனால் அந்த உத்தரவு வரும்போது தாங்கள் இங்கே இருக்க மாட்டீர்கள். அதுவும் அந்தக் கார்த்திகை மாத அனுமதி மாதிரியே காலம் கடந்துதான் வரப்போகிறது. பதவியைத் திருப்பித் தர முடியாது. கன்றைத் திருப்பித் தர முடியாது. அது தளவாய்புரத்தில் ஐந்து ஈற்று ஈன்று கிழடாகிவிட்டது. ஸ்டோர் அறையிலிருந்து அந்த மின்சாரப் பெட்டியை எடுத்துத் துடைத்து மேசையில் வைத்திருக்கிறோம். இன்று மாலை ஐந்தே முக்காலுக்கு மேல் அந்த மேசை தங்களுடையது இல்லை என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

அருளே உருவான அக்காவே! பதினேழு மடல்களையும் பல்லாண்டு வாழ்க என்று முடித்தேன். வாசிக்கும்போதே அடுத்து வரும் வடையை நினைத்துக்கொண்டு முடித்தேன். இன்று மனதறிந்து கேட்கிறேன். கண் மங்காமல், கை நடுங்காமல், முழங்கால் வலி தெரியாமல் தாங்கள் நெடுங்காலம் நடமாட வேண்டும். காலையில் எழுந்து எந்தப் பஸ்ஸையும் பிடிக்க வேண்டியதில்லாமல், வெயில் ஏறும் வரை கோயில் பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும் சுகம் தங்களுக்கு வாய்க்க வேண்டும். காப்பி நிற நோட்டு தங்களிடம்தான் இருக்கிறது. கன்று ஈன்ற வீட்டிலிருந்து சேதி வந்தால், தாங்கள் எங்கே இருந்தாலும் வந்து கூட்டிப்போகிறேன். கன்றின் கழுத்தைப் பிடிக்க என்னை விடுவீர்களா என்பது தங்கள் இஷ்டம்.

மன்னிக்கும்படி கேட்கவில்லை. கேட்டால் தாங்கள் சபை நடுவில் மன்னித்துவிட வேண்டிய கட்டாயம் வந்துவிடும். அதையும் தங்கள் தலையில் கட்ட எனக்கு மனமில்லை. இந்த மடலைச் சட்டம் போட்டுத் தருகிறோம். வீட்டில் மாட்டுங்கள், அல்லது மாட்டாமல் விடுங்கள். இதன் நகல் ஒன்று ஆய்வக வாசலில், மண் விழுந்த அந்த இடத்துக்கு நேர் மேலே தொங்கும்.

கையெழுத்துகளுக்கு மேலே வழக்கமாக ‘இங்ஙனம்’ என்று போடுவோம். இந்த முறை அந்த இடத்தில், பத்து ஆண்டுகளுக்கு முன் டாக்டர் கேட்ட கேள்விக்கு நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை எழுதி, அதன் கீழே எல்லாரும் கையெழுத்திட்டிருக்கிறோம்.

இல்லை சார். பச்சை நூலைக் கட்டியது நான்தான். டியூப் மாறவில்லை.

வைகுண்டராஜ், கம்பவுண்டர்
பால்ச்சாமி, கால்நடைப் பராமரிப்பு உதவியாளர்
மருத்துவரும் மருந்தகப் பணியாளர் அனைவரும்